மசாலா டீ வாசன செண்ட்டு நம்ம ஊரு வெயில்ல எப்படிப் போடுறது?

பாளை_மல்லி:

எல்லாருக்கும் வணக்கம். எங்க மைனி துபாய்ல இருந்து லீவுக்கு வந்தப்போ 10 மில்லி கண்ணாடிக் குப்பி ஒண்ணு கொடுத்தாங்க, பெரிய பாட்டில்ல இருந்து பிரிச்சு ஊத்துன டீகாண்ட், மேல வெள்ள ஸ்டிக்கர்ல பேனாவால மசாலா டீன்னு மட்டும் எழுதியிருக்கு. ஏதோ ஒரு சின்ன நிஷ் பெர்ஃப்யூம் (பெரிய பிராண்டு இல்லாம, கொஞ்சமா தனி ரசனைக்குன்னு பண்ணுறது) கடையில வாங்குனதாம், பேரு அவங்களுக்கே ஞாபகம் இல்ல, பாட்டில அங்கயே வச்சிட்டு வந்துட்டாங்க. எனக்கு இதுவரைக்கும் செண்ட்டுன்னா மல்லிகை, ரோஜா, ஆபீஸ் போகும்போது அடிக்கிற பாடி ஸ்ப்ரே, அவ்ளோதான் தெரியும். சாப்பிடுற பொருள் வாசனையில ஒண்ணு இருக்கும்னே நான் நினைச்சதில்ல.

அடிச்ச உடனே ஏலக்காயும் இஞ்சியும் மூக்குல சுள்ளுன்னு ஏறுது. ஒரு அஞ்சு பத்து நிமிஷத்துல அது அடங்கி பட்டையும் கிராம்பும் வருது. அதுக்கும் பெறகு வருது பாருங்க, அதத்தான் எப்படிச் சொல்லன்னு தெரியல. பால் சுண்டக் காய்ச்சும்போது சட்டி ஓரத்துல மஞ்சளா ஒட்டிக்கிடுமே அந்த ஆடை, சின்னப்புள்ளையில ஆச்சி அத கரண்டியால சுரண்டி உள்ளங்கையில வைப்பாங்க, அந்த வாசம் அப்படியே மணிக்கட்டுல இருக்கு. மொத நாள் நான் கைய மோந்து பாத்துக்கிட்டே ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன்.

இப்ப என் பிரச்சினைக்கு வாரேன். மே மாசம் ஒரு நாள் ரெண்டு ஸ்ப்ரே அடிச்சிட்டு ஆபீஸ் போனேன், நெல்லை வண்ணார்பேட்டையில பஸ்ஸவிட்டு இறங்கி ஒரு பத்து நிமிஷ நடை, நம்ம ஊரு மே மாச வெயில் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல, பதினோரு மணிக்கெல்லாம் மசாலா எல்லாம் எங்கயோ போயி வெறும் சீனிப்பாகு வாடை மட்டும் என்னச் சுத்தி நிக்கி, தலவலியே வந்துட்டு. சரி இது நமக்கு ஆகாதுன்னு பீரோவுல வச்சிட்டேன். பெறகு ஜூலையில குத்தாலம் போனப்போ, நல்ல சாரல், சும்மா ஒரு ஆசைக்கு அதே ரெண்டு ஸ்ப்ரே அடிச்சேன், கடவுளே, வேற செண்ட்டு மாதிரி இருந்துச்சு. பஜார்ல பஜ்ஜிக் கடை புகைக்கு நடுவுல கூட தனியா தெரிஞ்சுது, சாயங்காலம் வரைக்கும் மெல்ல மெல்ல மணந்துச்சு. ஒரே குப்பிதான, ஏன் இவ்வளவு வித்தியாசம்?

இன்னொண்ணும் கேக்கணும். இதுல டீ இருக்குன்னு சொல்லுதாங்க, ஆனா நம்ம ஜங்ஷன் பக்கத்து டீக்கடை வாசன இதுல இல்லவே இல்ல. என் மூக்குதான் பழகலையா, இல்ல செண்ட்டே அப்படித்தானா? தெரிஞ்சவங்க கொஞ்சம் வெவரமா சொல்லுங்க.

தோஹாவில்_கடையநல்லூரான்:

தங்கச்சி, நீங்க சொல்லுறத வாசிச்ச உடனே எனக்குப் புரிஞ்சிட்டு. அது நம்ம டீ இல்ல, அது கரக். இங்க வளைகுடா பூராவும் அதுதான் ஓடுது. கடக்னு இந்தியில ஸ்ட்ராங்கா இருக்கிறதச் சொல்லுவாங்கல்ல, அது அரபு வாயில கரக் ஆயிட்டு. நம்ம ஆளுகளும் மலையாளிகளும் பாகிஸ்தான்காரங்களும் பொழைக்க வந்த எடத்துல போட்டுக் குடிச்ச டீதான், இன்னைக்கு அரபிகளே ராத்திரி கார எடுத்துக்கிட்டு வந்து கடை வாசல்ல ஹாரன் அடிச்சு வாங்கிக் குடிக்கிறாங்க.

அதுல பச்சப் பால் ஊத்த மாட்டாங்க, டின்ல வர்ற சுண்டுன பாலத்தான் ஊத்துவாங்க. அதனால அந்த டீயே கொஞ்சம் காரமல் மாதிரி, நீங்க சொன்ன சட்டி ஓரத்து ஆடை மாதிரிதான் மணக்கும். ஏலக்காய் தாராளமா போட்டு அடுப்புலயே வச்சுக் கொதிக்க விட்டுக்கிட்டே இருப்பாங்க, சில கடையில குங்குமப்பூ கூட உண்டு. நம்ம ஊர்ல டிக்காஷன் தனி, பால் தனி, கிளாஸ்ல கலந்து மேல தூக்கி ஒரு ஆத்து. அந்த ஆத்துறதுல வர்ற ஆவியும், வடிதுணியில ஊறிக் கெடக்கிற தூளோட துவர்ப்பு வாடையும்தான நம்ம டீக்கடை வாசன? துபாய்ல வாங்குன செண்ட்டுல அதத் தேடுனா எப்படிக் கெடைக்கும். உங்க மூக்கு நல்லாத்தான் வேலை செய்யுது, கவலப்படாதீங்க.

நான் நைட் டூட்டி முடிச்சு வரும்போது எங்க ரூம் பக்கத்துக் கடையில ஒரு பேப்பர் கப் கரக் வாங்கி ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு நடப்பேன், ஜனவரி மாசம் இங்க குளிரும். அந்த வாசனையில ஒரு செண்ட்டு இருந்தா நான் ஊருக்கு வரும்போது கண்டிப்பா வாங்கிட்டு வருவேன். மைனிகிட்ட பேரு கேட்டுச் சொல்லுங்க.

நெல்லை_வாசனைப்பெட்டி:

நல்ல கேள்வி, ரெண்டு மூணு விஷயம் இதுல கலந்து கெடக்கு, எனக்குத் தெரிஞ்சத சொல்லுதேன், பத்து வருஷமா சாம்பிள் வாங்கி வாங்கி மோந்து பாக்கிறவன்.

வெயில் விஷயம் மொதல்ல. செண்ட்டுல இருக்கிற எல்லாச் சரக்கும் ஒரே வேகத்துல ஆவியாகாது. ஏலக்காய், இஞ்சி, எலுமிச்ச வகையெல்லாம் சீக்கிரம் பறந்துரும், வெண்ணிலா, கட்டை, பால் வாசன எல்லாம் கனமானது, தோல்லயே கெடக்கும். சாரல்ல தோல் குளுந்து இருக்கும்போது மேல உள்ளது மெதுவா போகும், கீழ உள்ளது மெதுவா வரும், அதனால ரெண்டும் சேந்து இருக்கிற நேரம் நிறைய. மே மாச வெயில்ல நடந்தீங்கன்னா மசாலா பூராவும் பஸ் ஸ்டாண்டு தாண்டுறதுக்குள்ள போயிரும், பெறகு வெண்ணிலாவும் பாலும் மட்டும் சூட்டுல ஒரே மூச்சா எழும்பும். நீங்க சொன்ன சீனிப்பாகு அதுதான். செண்ட்டு கெட்டுப் போகல.

இந்த மாதிரி செண்ட்டுல பால்னு சொல்லுறது பெரும்பாலும் லாக்டோன்னு ஒரு வகைச் சரக்கு. வெண்ணெய்லயும் பால்லயும் இயற்கையாவே இருக்கிறதுதான், அதே குடும்பத்துல ஒண்ணு பீச் பழம் மாதிரி மணக்கும், இன்னொண்ணு தேங்கா மாதிரி. அதனாலதான் சில பால் செண்ட்டு வெயில்ல தேங்காப்பால் வாடை அடிக்கும். நல்லாப் பண்ணுறவங்க அதோட கொஞ்சம் சந்தனக்கட்டைய சேத்து நிறுத்திருவாங்க, சந்தனத்துக்கே ஒரு பால்தன்மை உண்டு, கல்லுல எழைச்சவங்களுக்குத் தெரியும்.

இஞ்சியப் பத்தி ஒண்ணு. டீயில இஞ்சி தொண்டையில உறைக்கும்ல, அந்த உறைப்பக் குடுக்கிற ஜிஞ்சரால் ஆவியாகாது, அது மூக்குக்கு வராது. அதனால எவ்வளவு நல்ல இஞ்சி செண்ட்டா இருந்தாலும் பாதி இஞ்சிதான், எலுமிச்ச கலந்த ஒரு பளிச்சு மட்டும்தான் கெடைக்கும். ஏலக்காய்ல இன்னொரு சங்கதி, அதுல சினியோல்னு ஒண்ணு நிறைய, நீலகிரித் தைலத்துலயும் அதேதான் முக்கியமான சரக்கு. மொத நிமிஷத்துல உங்களுக்கு சுள்ளுன்னு ஏறுச்சுன்னு சொன்னீங்களே, அது பெரும்பாலும் அதுதான். ஜலதோஷத்துக்கு ஆவி பிடிச்சவங்க மூக்குக்கு உடனே தைலம்னு தோணும், பயப்பட வேண்டாம், கொஞ்சம் பொறுத்தா ஏலக்காயா மாறிரும்.

டீ செண்ட்டு ஒண்ணும் புதுசில்ல. 1992ல ழான் க்ளோட் எலெனான்னு செண்ட்டு உருவாக்குற ஒருத்தர் புல்காரி கம்பெனிக்கு பச்சைத் தேயிலை வாசனையில ஒண்ணு பண்ணினார், அதுக்குப் பெறகுதான் டீன்னு ஒரு தனி வழியே செண்ட்டு உலகத்துல கெளம்புச்சு. ஆனா அது ரொம்ப லேசு, தண்ணி மாதிரி. மசாலா பக்கம் வரணும்னா 2000த்துல ஒலிவியா ஜியாகொபெட்டி ல'ஆர்டிசான் கம்பெனிக்குப் பண்ணுன டீ ஃபார் டூ, புகை போட்ட சீனத் தேயிலை, இஞ்சி, பட்டை, தேன். எனக்கு இன்னைக்கும் அதுதான் இந்த வகையில ஒசத்தி, ஏன்னா அதுல புகை இருக்கு, இனிப்பு வாயப் பொத்தாது. 2008ல செர்ஜ் லூட்டன்ஸ் கம்பெனி இஞ்சி டீய வச்சு ஒண்ணு விட்டாங்க. நம்ம நாட்டுலயே பாம்பே பெர்ஃப்யூமரியோட சாய் மஸ்க் இருக்கு, நிஷ் வகைக்கு வெல கம்மி, இந்தியாவுக்குள்ளயே சாம்பிள் கெடைக்கும், மோந்து பாருங்க.

எப்படிப் போடுறதுன்னா, நம்ம ஊர்ல இதுக்கு ஒரே ஒரு ஸ்ப்ரே, அதுவும் தோல்ல வேண்டாம், பருத்தித் துணியில. துணி ஒடம்பு அளவுக்குச் சூடாகாது, அதனால மெதுவா விடும். ஆனா வெள்ளத் துணியில அடிச்சிராதீங்க, வெண்ணிலா வாசனையக் குடுக்கிற வெண்ணிலின் இருக்கிற செண்ட்டு நாளடைவுல பழுப்பா கறை பிடிக்கும், நான் ஒரு நல்ல வேட்டிய அப்படித்தான் தொலைச்சேன். பட்டுல அடிக்கவே கூடாது.

மேலப்பாளையம்_அத்தர்:

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். வாசனைப்பெட்டி தம்பி நல்லா எழுதியிருக்காங்க, ஆனா துணியில மட்டும்தான்னு சொன்னத நான் ஒத்துக்கிட மாட்டேன். எங்க வாப்பா காலத்துல இருந்து அத்தர் வியாபாரம். மசாலா வாசனைக்கு ஒடம்புச் சூடு கண்டிப்பா வேணும், துணியில அடிச்சா அது மொத நாள் என்ன மணத்துச்சோ அதேதான் ரெண்டாம் நாளும் மணக்கும், ஒரு நகர்வே இருக்காது. தோல்லதான் அது ஒண்ணொண்ணா அவிழும்.

விஷயம் என்னன்னா அதுக்குன்னு ஒரு காலம் இருக்கு. வடக்க அத்தருக்குப் பேர் போன கன்னோஜ் ஊர்ல செம்புப் பானையில வடிக்கிற அத்தர்ல வெயில் காலத்துக்கு வெட்டிவேர், ரோஜா, மண் வாசன மிட்டி. குளிருக்கு ஷமாமா, அதுல மசாலாவும் மூலிகையும் வேரும் எத்தனையோ சரக்கு சேத்து வடிப்பாங்க, ஒரு சொட்டு தேச்சா ஒடம்புக்கே கதகதன்னு இருக்கிற மாதிரி தோணும். வடக்க பனி காலம்னு ஒண்ணு இருக்கு, அத வச்சு அவங்க பிரிச்சுக்கிட்டாங்க. நமக்குப் பனி ஏது, நம்ம ஊர்க் கணக்குக்கு ஆடிச் சாரலும் ஐப்பசி கார்த்திகை மழையும்தான் குளிரு. அந்த மாசங்களுக்குன்னு இத எடுத்து வச்சுக்கிடுங்க தங்கச்சி. மே மாசம் வெட்டிவேர் போடுங்க, மசாலாவ வெயில்ல போட்டு அதோட சண்ட பிடிக்காதீங்க.

போடும்போது குளிச்சு ஈரம் தொடச்ச ஒடனே மணிக்கட்டுல இல்லாம முழங்கையோட உள்பக்க மடிப்புல ஒரு பொட்டு நல்ல சந்தன அத்தர் தேச்சு, ஒரு நிமிஷம் விட்டு, அதுக்கு மேல உங்க செண்ட்டு ஒரு ஸ்ப்ரே. தேச்சு விடாதீங்க, அப்படியே காய விடுங்க. எண்ணெய் பிடிச்சு வச்சுக்கிடும், மேல உள்ள மசாலா சட்டுனு ஓடாது, இனிப்பையும் சந்தனம் கொஞ்சம் அடக்கிரும். எங்க வாப்பா சின்னப் பஞ்சு உருட்டி அத்தர்ல தொட்டு காது மடிப்புல சொருகி வச்சிருப்பாரு, ஜும்மாவுக்குப் போனா பக்கத்துல தொழுறவங்களுக்குத்தான் மணக்கும், நாலு வரிசைக்கு வீசாது. அதுதான் அளவு.

ஒண்ணே ஒண்ணு, பட்டை வாசன தூக்கலா இருக்கிற செண்ட்டு சில பேருக்குத் தோல்ல அரிக்கும், கிராம்பும் அப்படித்தான். மொதல்ல ஒரு எடத்துல போட்டு ஒரு நாள் பாத்துட்டுப் போடுங்க. கழுத்துல நேரா அடிச்சிட்டு வெயில்ல போகாதீங்க.

அம்பை_பஸ்_பயணி:

தப்பா எடுத்துக்கிடாதீங்க, ஒண்ணு சொல்லுதேன். காலையில அம்பாசமுத்திரத்துல இருந்து வர்ற கூட்டப் பஸ்ல இந்த இனிப்பு வகைச் செண்ட்டு அடிச்சவங்க பக்கத்துல நின்னா எனக்கு வாந்தி வந்துரும், ஏசி பஸ்னா இன்னும் மோசம், சன்னல் கூட தொறக்க முடியாது. எனக்கு மைக்ரேன் உண்டு. நீங்க ரசிச்சுப் போடுறீங்க, அது புரியுது, ஆனா பயணத்துக்கு முன்னாடி வேண்டாமே, எறங்குன பெறகு போட்டுக்கிடுங்க.

பாளை_மல்லி:

பஸ் அண்ணாச்சி, இது எனக்குத் தோணவே இல்ல, மன்னிச்சுக்கோங்க, இனிமே குப்பிய பையில கொண்டு போயி ஆபீஸ்ல போட்டுக்கிடுதேன். எங்க செக்‌ஷன்ல ஒரு அக்கா யாரு இப்ப டீ வாங்கிட்டு வந்ததுன்னு கேட்டாங்க, அப்ப எனக்கு சந்தோஷமாத்தான் இருந்துச்சு, இப்ப யோசிச்சா அவங்க இருந்தது ரெண்டு மேச தள்ளி, அவ்வளவு தூரம் வந்திருக்கு.

அத்தர் பாய், உங்க வாப்பா பஞ்சு வச்சதப் படிச்சு எனக்கு எங்க தாத்தா ஞாபகம் வந்துட்டு, அவரும் கல்யாண வீட்டுல அப்படித்தான் வைப்பாரு. சந்தனம் வாங்கிட்டு முயற்சி பண்ணிட்டுச் சொல்லுதேன்.

ஊத்து_கொழுந்து:

இப்பத்தான் பாத்தேன். டீ வாசன இல்லன்னு அக்கா கேட்டதுக்கு யாரும் இன்னும் டீ பக்கமிருந்து பதில் சொல்லல, அதான் எழுதுதேன்.

நான் பொறந்து வளந்தது மாஞ்சோலைக்கு மேல ஊத்து எஸ்டேட். அம்மா அங்க கொழுந்து எடுத்தவங்க. மணிமுத்தாறு தாண்டி பஸ் வளஞ்சு வளஞ்சு ஏறும், மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, அப்புறம்தான் எங்க ஊத்து. 2024ல எஸ்டேட் வேலை நின்ன பெறகு நாங்க கீழ இறங்கி வந்துட்டோம்.

தேயிலை செடியில இருக்கும்போது ஒரு வாசனையும் கெடையாது, கசக்குனா புல் மாதிரி இருக்கும், அவ்ளோதான். ஃபேக்டரியில பரப்பி வாட வைப்பாங்க, ஒரு ராத்திரி முழுக்க கெடக்கும், அப்ப ஒரு மாதிரி பூ வாசன வர ஆரம்பிக்கும். பெறகு உருட்டி, நொறுக்கி, காத்துல விட்டு வைக்கும்போது பச்ச நெறம் போயி செம்பு நெறம் ஆகும், அந்த நேரத்துல ஃபேக்டரி பக்கம் போனா பழுத்த ஆப்பிள் மாதிரி, நனஞ்ச வைக்கோல் மாதிரி, ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு வரும். எனக்கு டீ வாசனன்னா அதுதான். ஸ்கூல் விட்டு வரும்போது மூடுபனிக்குள்ள ஃபேக்டரி கண்ணுக்குத் தெரியாது, வாசனைய வச்சுத்தான் வீடு பக்கத்துல வந்துட்டுன்னு தெரியும். கடைசியில சூட்டுல காய வைக்கும்போதுதான் நீங்க பாக்கெட்ட ஒடச்சா வர்ற அந்த வறுத்த வாசன வரும்.

கடையில பால் டீக்குப் போடுறது டஸ்ட்னு சொல்லுற பொடித் தூள், அது நிறத்துக்கும் துவர்ப்புக்கும்தான். பாலும் சீனியும் ஏலக்காயும் ஊத்துன பெறகு டீயோட வாசனையில கொஞ்சம்தான் மிச்சம் இருக்கும், துவர்ப்பு நாக்குல மட்டும் தெரியும், மூக்குக்குத் தெரியாது. அதனால மசாலா டீய செண்ட்டா பண்ணுறவங்க டீய லேசா வச்சிட்டு மசாலாவயும் பாலையும் தூக்குறது ஏமாத்து வேல இல்ல, கிளாஸ்லயே அது அப்படித்தான் இருக்கு. அக்கா, ஒரு நாள் காத்தோட்டமான எடத்துல போட்டு, ஒரு அர மணி நேரம் கழிச்சு, மசாலா எறங்கி பால் இன்னும் முழுசா ஏறாத நேரத்துல மோந்து பாருங்க. காஞ்ச வைக்கோல் மாதிரி ஒண்ணு நடுவுல தெரிஞ்சா அதுதான் டீ. உங்க குப்பியில அது இருக்கான்னு எனக்கும் தெரியணும்.

பாளை_மல்லி:

ரொம்ப நாள் கழிச்சு வாரேன், ஐப்பசி மழை ஆரம்பிக்கட்டும்னு காத்திருந்தேன். போன வாரம் ரெண்டு நாளா விடாம மழை, லீவு நாள், வெளிய போகல. அத்தர் பாய் சொன்ன மாதிரி ஒரு கையில சந்தனம் வச்சு அதுக்கு மேல ஒரு ஸ்ப்ரே, வாசனைப்பெட்டி அண்ணன் சொன்ன மாதிரி பழைய அரக்குக் கலர் சுங்குடி துப்பட்டா முனையில ஒண்ணு.

ரெண்டு பேரு சொன்னதும் சரிதான். கையில இருந்தது மாறிக்கிட்டே இருந்துச்சு, ஏலக்காய் வழக்கத்தவிட ரொம்ப நேரம் நின்னுச்சு, அரிப்பு ஒண்ணும் இல்ல, கடைசியில சந்தனமும் பாலும் எது எதுன்னு பிரிக்க முடியாம ஒண்ணாயிட்டு. மே மாசம் எனக்குத் தலவலி கொடுத்த அந்த இனிப்பு வரவே இல்ல. துப்பட்டாவுல இருந்தது மாறல, ஆனா மறுநாள் கொடியில கெடக்கும்போதும் அப்படியே இருந்துச்சு. எனக்குக் கையில போட்டதுதான் பிடிச்சிருக்கு, துப்பட்டாவுக்கு இனி வேண்டாம்.

ஊத்து தங்கச்சி, நீங்க சொன்னத மணி பாத்தே செஞ்சேன். திண்ணையில உக்காந்து, இருபது நிமிஷத்துல ஒரு தடவ, அர மணிக்கு ஒரு தடவ. மொதல்ல பிடிபடல. நடுவுல போயி அடுப்படியில இருந்த தூள் டப்பாவத் தொறந்து மோந்துட்டு வந்து மறுபடி கைய மோந்தேன், அப்ப தெரிஞ்சுது, கிராம்புக்கு அடியில காஞ்ச பில்லு மாதிரி மெல்லிசா ஒரு கோடு, நாப்பதாவது நிமிஷம் வாக்குல வந்துட்டு ஒரு கால் மணி நேரத்துல பாலுக்குள்ள போயிட்டு. இத்தன மாசமா அது அங்கதான் இருந்திருக்கு. உங்க ஃபேக்டரி வாசன இதுதானான்னு எனக்குச் சொல்லத் தெரியல, நீங்க ஒரு தடவ மோந்து பாத்தாத்தான் தெரியும். பாளை பக்கம் வந்தா சொல்லுங்க, நேர்ல சந்திச்சு ஒரு மில்லி பிரிச்சுத் தாரேன்.

அன்னைக்கு சாயங்காலம் ஆச்சி பக்கத்துல உக்காந்து பூ கட்டிக்கிட்டு இருந்தாங்க. அவங்களுக்கு இப்ப கண்ணு அவ்வளவா தெரியாது. நான் கைய நீட்டி பிச்சிப்பூவ எடுத்தேன், உடனே நார அப்படியே வச்சிட்டு, அடுப்புல பால் வச்சியா, போயி பாரு, அடி பிடிக்குன்னாங்க. அடுப்புல ஒண்ணும் இல்ல ஆச்சின்னு சொல்லி கைய மூக்குப் பக்கத்துல கொண்டு போனேன், புடிச்சு வச்சுக்கிட்டு விடவே இல்ல.

குப்பியில இன்னும் பாதிக்கு மேல இருக்கு. மைனிகிட்ட பாட்டில போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கேன், வந்ததும் பேர இங்க போடுதேன்.